சயனின் சாயங்களைக் கொண்டு ‘பெட்டிக்குள் துகள்’ கற்பித்தல்

வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் இளநிலை வேதியியல் ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. குவாண்டம் அடைப்பை, அதாவது ‘பெட்டி’ போன்ற சிறு இடத்துக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றல் தனித்தனி மட்டங்களாகவே அமையும் என்பதை, சமன்பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். இரு நைட்ரஜன் அணுக்களைக் கார்பன் சங்கிலி இணைக்கும் 2,2'-சயனின் வரிசைச் சாயங்கள் மூன்றை மெத்தனாலில் கரைத்துக் கொடுத்து, நிறமாலைமானியில் உறிஞ்சல் உச்சத்தை (ஒளி மிக அதிகமாக உறிஞ்சப்படும் அலைநீளத்தை) மாணவர்களே குறிக்கட்டும். சங்கிலியில் இரண்டிரண்டு கார்பன் கூடக்கூட, உச்சம் ஏறத்தாழ 524, 605, 707 நானோமீட்டர் என்று நகர்வதைக் கண்ட பிறகு, பெட்டி (இங்கே இந்தச் சங்கிலி) நீண்டால் மட்டங்களுக்கிடையேயான ஆற்றல் இடைவெளி குறுகும் என்பதைத் தனியே விளக்க வேண்டியிராது.

அடுத்து, பை எலக்ட்ரான்களை (சங்கிலி நெடுகப் பரவியிருக்கும் எலக்ட்ரான்களை) மட்டத்துக்கு இரண்டாக நிரப்பி, நிரம்பிய கடைசி மட்டத்திலிருந்து அடுத்த வெற்று மட்டத்துக்கான தாவலை அலைநீளத்தோடு பொருத்திப் பெட்டியின் நீளத்தைக் கணக்கிடச் செய்யுங்கள். விடை, இரு நைட்ரஜன்களுக்கும் இடைப்பட்ட பிணைப்புகளின் மொத்த நீளத்தைவிடக் கூடுதலாக வரும். அதைப் பிழையென்று அடித்துவிடாதீர்கள், எலக்ட்ரான்கள் நைட்ரஜன்களுக்கு அப்பாலும் பரவியிருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று, என் கருத்தில் இச்சோதனையின் சிறந்த பகுதியும் அதுதான்.

மெத்தனாலுக்குப் பதில் நீரைப் பயன்படுத்த வேண்டாம்; நீரில் சாய மூலக்கூறுகள் ஒன்றுகூடிப் புதிய பட்டைகளைக் காட்டும். உச்சத்தில் உறிஞ்சளவு (நிறமாலைமானி காட்டும் ஒளி உறிஞ்சல் எண்) 1-க்குக் கீழே இருக்கும்படி மெத்தனால் சேர்த்து நீர்க்கச் செய்து, கரைசலை ஒளி படாத பழுப்புக் குப்பியில் வையுங்கள். மெத்தனால் நச்சும் தீப்பற்றும் தன்மையும் உடையது என்பதால், கரைசலைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் கையுறையுடன் தயாரிக்க வேண்டும்.