வடசென்னைத் தெருவோர மூலிகைகள்: அடையாளம் காண்பது முதல் முடக்கத்தான் தோசை வரை

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டை வரை நடந்து பார்த்தால், மதில் இடுக்கிலும் தண்டவாள ஓரத்திலும் காலி மனைகளிலும் ஐந்தாறு மூலிகைகளாவது கண்ணில் படும். புதிதாகப் பழக வருகிறவர்கள் அவற்றைப் பார்த்ததும் பறித்துச் சாப்பிடலாமா என்றுதான் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். செடி சரியானதாகவே இருந்தாலும் நம் பகுதியில் அது வேர்விட்ட மண்ணை நம்ப முடியாது. ஆகவே தெருவில் அடையாளம் கண்டு, விதையை மட்டும் எடுத்து வந்து, மாடியில் நல்ல மண்ணில் வளர்த்துப் பயன்படுத்தும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

முதற்படி: மண்ணை அறிதல்

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. அதுவரை புகையாக வந்து படிந்த ஈயம் பழைய சாலைகளின் ஓர மண்ணை விட்டு எளிதில் போவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க் கழிவு, மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதை நாம் நேரிலேயே பார்த்தோம். இலையைக் கழுவினால் மேலே படிந்த தூசி போகும். வேர் உறிஞ்சி இலைக்குள் சேர்த்த உலோகம் போகாது. தண்டவாள ஓரங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வழக்கமும் உண்டு. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றியுள்ள இடங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் எவ்வளவு செழித்த கீரையைக் கண்டாலும் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று செடிகளைக் கண்ணால் பழகுதல்

ஒரே நாளில் முப்பது பெயர்களைக் கற்றுக்கொள்வதைவிட மூன்று செடிகளை ஐயமின்றி அறிவது மேல். இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், தண்டு, பூ, காய் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தமிழ்ப் பெயரை ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளுக்கு வழங்குவதால் தாவரவியல் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது.

கீழாநெல்லி (ஃபில்லாந்தஸ் அமாரஸ்) பெரும்பாலும் ஒரு முழ உயரத்தைத் தாண்டாது. சிறுகிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைகளுக்குக் கீழே கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். பெயரே அதனால் வந்ததுதான். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அது கீழாநெல்லி இல்லை, அம்மான் பச்சரிசி வகைகளில் ஒன்றாக இருக்கலாம்.

இதை மஞ்சள் காமாலைக்குத் தருவது வழிவழியாக வந்த வழக்கம். ஆயினும் புதியவர்கள் அந்த நோய்க்குத் தாமாக வைத்தியம் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தபோது, பத்து நாள் மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே காத்திருந்தோம். பிறகு ஸ்கேன் எடுத்தபோதுதான் பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பது தெரிந்தது. அந்தப் பத்து நாள்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன். கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, அதன் பிறகே மூலிகை. அதுவும் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டுக்கொண்டு.

குப்பைமேனியை (அகாலிஃபா இண்டிகா) மேலிருந்து பார்க்க வேண்டும். கீழ் இலைகளுக்கு நீண்ட காம்பும் மேல் இலைகளுக்குக் குட்டைக் காம்பும் இருப்பதால், ஓர் இலை மற்றொன்றை மறைக்காமல் கோலம் போட்டதுபோல் பரவியிருக்கும். வேரைப் பிடுங்கிப் போட்டால் தெருப்பூனைகள் வந்து புரளும் என்பதால் இதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர். இலையைக் கல்லுப்போடு அரைத்துச் சொறி, சிரங்கில் பூசிக் குளிப்பது வழக்கம். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். உள்ளே சாப்பிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது, அக்குறைபாடு தமக்கு இருப்பதைப் பலர் அறிவதும் இல்லை.

மூன்றாவது முடக்கத்தான் (கார்டியோஸ்பெர்மம் ஹலிகாகபம்). வேலிகளில் படரும் மென்கொடி, சிறு வெள்ளைப் பூ, மூன்று பட்டையோடு காற்றடைத்த பைபோன்ற காய். காய்ந்த காயை உடைத்தால் மிளகளவில் மூன்று கரிய விதைகள் இருக்கும். ஒவ்வொரு விதையிலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம் வரைந்ததுபோல் தெரியும். அந்தக் குறியைப் பார்த்துவிட்டால் வேறு எந்தக் கொடியோடும் இதைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மூன்றாம் படி: மாடியில் வளர்த்தல்

தெருவிலிருந்து பத்துப் பதினைந்து முடக்கத்தான் விதைகள் போதும். விதைத்தோல் கடினமானது, சொரசொரப்பான தரையில் லேசாக உரசி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து விதையுங்கள். ஓர் அடி அகலத் தொட்டியில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் இரண்டு கொடிகளுக்குப் போதுமானது. இரண்டு வாரங்களுக்குள் முளைத்துவிடும். படரக் கயிறு கட்டி விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் கடலோரத்தில் இருக்கும் நாம் தவறுகிறோம். காசிமேடு, இராயபுரம் பக்கத்தில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிந்து இலை ஓரம் கருகும். மெட்ரோ தண்ணீரையோ அரிசி கழுவிய நீரையோ ஊற்றுங்கள்.

நான்காம் படி: தோசை

நான்கு ஆழாக்கு இட்லி அரிசி, ஓர் ஆழாக்கு உளுந்து, இரண்டு தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றை நான்கு மணி நேரம் ஊறவைத்து அரைக்கும்போது, கழுவிய முடக்கத்தான் இலையை இரண்டு கைப்பிடி சேர்த்து அரையுங்கள். பச்சை மாவில் வாடை தூக்கலாக இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். இரவு புளித்து, நல்லெண்ணெய் விட்டு இருபுறமும் வேகும்போது அது அடங்கி, மெல்லிய கசப்பு மட்டும் நிற்கும். காரச் சட்னி அதற்குப் பொருத்தம்.

மூட்டு வலிக்கும் உடல் பிடிப்புக்கும் வாரம் ஓரிரு முறை இதை உண்பது நம் வீடுகளின் பழக்கம். அளவு கூடினால் சிலருக்கு வயிறு இளகும் என்பதால் முதல் நாள் ஒரு தோசையோடு நிறுத்துங்கள். கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்திருந்தால் தோசையை நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கொடியில் காய்கள் பழுப்பு நிறமாகி உலர்ந்ததும் விதைகளைச் சேர்த்துத் துணிப்பையில் முடிந்து வையுங்கள். தெரு விதையில் முளைத்த கொடி உங்கள் மண்ணிலேயே காய்த்துவிட்டதால், அடுத்த ஆடியில் விதைப்பதற்கு மீண்டும் தண்டவாள ஓரத்திற்குப் போக வேண்டியதில்லை.