பழைய வீட்டு விளையில் புதர் மூடிய கல்தட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய தறவாட்டு (கூட்டுக்குடும்ப) வீடுகளின் விளையில், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தில், சரிவைத் தட்டுதட்டாக வெட்டி, மண்ணைத் தாங்கக் கையாலை என்ற கல்சுவர் கட்டிய தோட்டங்கள் இன்னும் கிடக்கின்றன. ஆளில்லாமல் படியெல்லாம் காட்டுக்குள் போயிருக்கும். வெளியூரிலிருந்து வரும் வாரிசுகள் முதலில் ஜேசிபியைத்தான் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது மேல்தட்டில் ஏறினால் அந்தப் பாரத்திலேயே கையாலை வயிறு தள்ளிச் சரியும்.

கல்லிடுக்கில் முளைத்த அரச மரத்தையும் ஆல மரத்தையும் பிடுங்கக் கூடாது. வேரோடு கல்லும் வரும். பல இடங்களில் இப்போது சுவரைத் தாங்குவதே அந்த வேர்தான். தண்டைச் சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். வேர் உள்ளேயே பட்டுப்போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு சிமெண்ட். கையாலை சாந்தில்லாமல் அடுக்கியது; மேல்தட்டில் இறங்கும் மழை கல்சந்து வழியாகத்தான் வடியும். நமக்கோ ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. அந்தக் கல்சந்தைச் சிமெண்டால் அடைத்தால் மண் ஊறிப் பெருத்துச் சுவரைத் தள்ளும். பூச்சு பளபளவென்று இருக்கும்போதே சுவர் மொத்தமாக விழும். விழுந்த இடத்தில் கல்லின் நீளப்பக்கம் மண்ணுக்குள் போகும்படி, சற்றே பின்சாய்வாக அடுக்கி, பின்னால் சிறுகல் நிரப்புங்கள். வெட்டுக்கல் (செம்புராங்கல்) சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல்லின் முகம் பொரிந்து உதிரும்.

படிக்கல்லில் பாசியை விரலால் ஒதுக்கிப் பாருங்கள், உளி விழுந்த கோடு வரிசையாகத் தெரியும். கம்பி பிரஷும் ஆசிடும் அதைத்தான் முதலில் தின்னும். தண்ணீரும் தேங்காய்த் தும்பு பிரஷும் போதும். புதருக்குத் தீ வைத்தால் கருங்கல்லே வெடிக்கும்.

காடு வெட்ட ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கல்லிடுக்கில் கை விடாதீர்கள், கண்ணாடி விரியன் இருக்கும். வெட்டுமுன் ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுங்கள். செண்பகமோ மகிழமோ ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றால் அது தானாக முளைத்ததாக இருக்காது, யாரோ நட்ட தோட்டம். அதில் கத்தி வைக்காதீர்கள்.

எழுத்துள்ள கல் கிடைத்தால் புரட்டாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ள மாவட்டம் இது. மண்ணுக்குள் பழங்காசு கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலமானாலும் இதுதான் விதி.