பஸ்ஸும் சைக்கிளும் ஒரே தடத்தில்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து சில யோசனைகள்

முதலில் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கார் நிறுத்தும் கட்டத்தைப் போய்ப் பாருங்கள். அகலம் 2.4 மீட்டர். நான் ஓட்டும் பஸ்ஸின் அகலம் 2.5 மீட்டர், இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் தனி. சாலையில் ஒரு தடம் பெரும்பாலும் மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி. சைக்கிளின் கைப்பிடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேண்டும். ஓரத்துக் கல்லில் இடிக்காமல் ஓட இன்னும் அரை மீட்டர். கூட்டிப் பாருங்கள், ஐந்து மீட்டர் ஆகிவிடுகிறது.

அதாவது, நீங்கள் என்னதான் ஒடுங்கி ஓட்டினாலும் ஒரே தடத்துக்குள் பஸ் உங்களை முறைப்படி முந்த வழியில்லை. ஒன்று, நான் பக்கத்துத் தடத்துக்குப் போக வேண்டும். இல்லை, உங்கள் பின்னாலேயே வர வேண்டும். சாலையில் நான் பார்க்கிற சண்டைகளில் பாதி இந்தக் கணக்கு தெரியாமல் வருவதுதான். சைக்கிள்காரர் ‘நான்தான் ஓரமாகப் போகிறேனே’ என்று நினைக்கிறார். வாகனமோட்டி ‘இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போனால் என்ன’ என்று நினைக்கிறார்.

நான் பஸ் ஓட்டுகிறேன், ஈசூனில் வீடு. ஓய்வு நாள் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டாய் பக்கமோ செலேத்தார் பக்கமோ கிளம்பிவிடுவேன். பணிமனையில் தேநீர் குடிக்கும்போது சைக்கிள்காரர்களைத் திட்டுவார்கள். சைக்கிள் நண்பர்கள் கோப்பிக்கடையில் பஸ்காரர்களைத் திட்டுவார்கள். இரண்டு வசவும் எனக்குத்தான் வந்து சேரும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கே ஓட்டுவது

சட்டப்படி சைக்கிள் இயன்றவரை சாலையின் இடது ஓரமாகப் போக வேண்டும். ‘இயன்றவரை’ என்பதைக் கவனியுங்கள். கல்லை உரசிக்கொண்டு போ என்று அதற்கு அர்த்தமில்லை. ஓரத்தில் கால்வாய்க் கம்பி மூடிகள் இருக்கின்றன, மழைத் தண்ணீர் தேங்குகிறது, இரட்டை மஞ்சள் கோடு நனைந்தால் வழுக்குகிறது. நான் அந்தக் கோட்டுக்குச் சற்று வலப்புறமாக ஓட்டுவேன். நேர்கோடாக ஓட்டுவேன். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் உள்ளே நுழைந்து மறுபடி வெளியே வருபவர்தான் பஸ் ஓட்டுபவருக்கு அடிவயிற்றைக் கலக்குபவர். உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் தடத்தில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது இயங்கும் நேரத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ஒரு திசையில் ஒரே தடம் உள்ள சாலையிலும் அப்படியே. விரைவுச்சாலையும் சுரங்கச்சாலையும் சைக்கிளுக்கு அறவே கூடாது. புதிய வழியில் போவதாக இருந்தால் முதல் நாளே வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். இடது தடம் திடீரென்று பிஐஇ, ஏஒய்இ போன்ற விரைவுச்சாலைகளில் கொண்டுபோய் ஏற்றிவிடும் இடங்கள் இங்கே நிறைய. அங்கே போய் நின்றுகொண்டு யோசிக்க முடியாது.

நிறுத்தத்தில்தான் வம்பு

காருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உரசல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கார் போய்விடும். பஸ் அப்படியில்லை. நிறுத்தங்களில் நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் பஸ்ஸின் சராசரி வேகம் நன்றாக மிதிக்கிற சைக்கிளின் வேகத்தைப் பெரிதாகத் தாண்டாது. நான் உங்களை முந்துவேன், அடுத்த நிறுத்தத்தில் நிற்பேன், நீங்கள் என்னை முந்துவீர்கள், நான் மறுபடி முந்த வேண்டும். அப்பர் தாம்சன் சாலை முழுக்க இதே ஆட்டம் நடக்கும். ஒவ்வொரு தடவை முந்தும்போதும் ஒரு ஆபத்து, கூடவே கொஞ்சம் கோபம்.

சைக்கிள்காரர் இதைக் குறைக்க ஒரு வழி, நிறுத்தத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது. முன்னால் நிறுத்தத்தில் யாராவது கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களா? அப்படியென்றால் உங்களுக்குப் பின்னால் வருகிற பஸ் நிச்சயம் இடது பக்கம் ஒதுங்கும். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டி அதற்கு முன்னால் நிறுத்தத்தைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கொஞ்சம் தளர்த்துங்கள், பஸ் உள்ளே போகட்டும்.

பஸ் நின்றுவிட்டதா? இப்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இடது விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, கை காட்டி, வலப்பக்கமாகக் கடக்கலாம். வலது விளக்கு சிமிட்ட ஆரம்பித்துவிட்டால் நில்லுங்கள். கிளம்புகிற பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும் என்று பல நிறுத்தங்களில் சாலையிலேயே குறி போட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழுந்து நடுக்கதவுக்குப் போகிறார் என்றால் சக்கர நாற்காலிக்கான சாய்தளப் பலகையை விரிக்கப் போகிறார். அதைக் கையால் விரித்து, ஆளை ஏற்றி, மறுபடி மடித்து வைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டிய நேரம் இருக்கிறது, நிதானமாகக் கடந்து போங்கள்.

ஆனால் நின்றிருக்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே மட்டும் நுழையாதீர்கள். பின்கதவு திறந்து ஒரு பாட்டி மார்க்கெட் பையோடு கால் வைக்கிற இடம் அது. கல்லோடு ஒட்டி நிறுத்த இடமில்லாதபோது சின்னச் சந்து ஒன்று விழும். அதைப் பார்த்ததும் சிலருக்குக் கால் சும்மா இருப்பதில்லை.

இனி வாகனமோட்டிகளுக்கு, முக்கியமாக என்னோடு வேலை செய்பவர்களுக்கு. அடுத்த நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குள் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருக்கிறது என்றால் முந்தாதீர்கள். முந்தியவுடன் அவர் மூக்குக்கு முன்னால் வெட்டி உள்ளே நுழைய வேண்டியிருக்கும். பின்னாலேயே போனால் என்ன, சில விநாடிதான். பயணி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். முந்தியே ஆக வேண்டும் என்றால் முழுதாகத் தடம் மாறி முந்துங்கள். பாதி உடம்பு இந்தத் தடத்திலும் பாதி அந்தத் தடத்திலுமாகப் போவதில் யாருக்கும் லாபமில்லை.

ஹாரன் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் ஹாரனைப் பக்கத்திலிருந்து கேட்டால் கைப்பிடி ஒருமுறை ஆடும். நான் சைக்கிளில் இருக்கும்போது ஆடியிருக்கிறது. தூரத்திலேயே லேசாகத் தட்டினால் அது தகவல், நெருங்கி வந்து அழுத்தினால் அது மிரட்டல்.

திருப்பத்தில் பின்சக்கரம்

என் அண்ணன் மகன் மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே வாதாடினான்.

“அத்தை, இடது பக்கம் வரும்போது நான் மணியடிச்சேன். அந்த பஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கல.”

“மணி அவருக்கு எங்கடா கேக்கும்? கண்ணாடி எல்லாம் மூடியிருக்கு, ஏர்கான் ஓடுது, பின்னாடி ஒருத்தர் போன்ல நாடகம் போட்டு விட்டிருக்காரு.”

அவனைக் கீழே கூட்டிப்போய், திரும்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸைக் காட்டினேன். 12 மீட்டர் நீளமுள்ள வண்டி இடது பக்கம் திரும்பும்போது முதலில் வலப்பக்கம் அகலமாகப் போகும். பார்க்கிறவருக்கு ‘இவர் நேராகத்தான் போகிறார்’ என்று தோன்றும், இடது ஓரத்தில் நல்ல இடம் விழுந்திருக்கும். பிறகு முன்பக்கம் திரும்பும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். விழுந்த அந்த நல்ல இடம் விநாடிகளில் ஒன்றுமில்லாமல் போய்விடும். அன்று அந்தப் பின்சக்கரம் ஓரக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. பையன் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. டிரெய்லர் லாரிக்கு இந்த வெட்டு இன்னும் பெரிது. துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதியிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகிற தம்பிகள் இதை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சந்திப்பில் பெரிய வண்டி நின்றால் அதன் பின்னால் நில்லுங்கள், பக்கத்தில் வேண்டாம். எங்கள் பக்கக் கண்ணாடியில் ஓட்டுபவரின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அவருக்கு உங்களைத் தெரியாது. மாடி பஸ்ஸுக்கு நேர் முன்னால், இடது மூலைக்குக் கீழே நிற்பவரும் அப்படித்தான் மறைந்துபோவார்.

நாலைந்து தடம் உள்ள சாலையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால் நான் வீரம் காட்டுவதில்லை. இறங்கி, பாதசாரிகளோடு பச்சை மனிதன் விளக்குக்குக் காத்திருந்து, தள்ளிக்கொண்டே கடப்பேன்.

இருவர் இருவராக

ஞாயிறு காலையில் அதிகம் காதில் விழும் புகார், ‘ஜோடி ஜோடியாக ஊர்வலம் போகிறார்கள்’. ஒரு திசையில் இரண்டு தடமாவது உள்ள சாலையில் இருவர் இணையாகப் போகலாம், சட்டம் அனுமதிக்கிறது. 2022 ஜனவரி முதல் குழுவின் நீளத்துக்கு வரம்பு உண்டு. ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர். குழுக்களுக்கு இடையே ஏறத்தாழ இரண்டு விளக்குக் கம்ப தூரம் விடச் சொல்கிறார்கள். மீறினால் 150 சிங்கப்பூர் வெள்ளி அபராதம்.

ஓட்டுநராகச் சொல்கிறேன், பத்துப் பேர் இரட்டை வரிசையில் போவதுதான் எனக்கு வசதி. முந்த வேண்டிய நீளம் பாதியாகிவிடுகிறது. எப்படியும் தடம் மாறத்தான் போகிறேன், ஒருவர் இருந்தால் என்ன, இருவர் இருந்தால் என்ன? எரிச்சலூட்டுவது மூன்றாவதாக ஒருவர் பக்கத்தில் வந்து கதை பேசுவது. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிற சைக்கிளும் அப்படித்தான். ஒருவர் செய்வது, திட்டு வாங்குவது அத்தனை பேரும்.

‘சைக்கிள் சாலை வரி கட்டுகிறதா?’ என்பவர்களுக்கு: பெட்ரோல் காருக்குச் சாலை வரி எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சைக்கிளில் எஞ்சினைத் தேடிக் கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

சாலையில் ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம், 2019 முதல். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. விடியும் முன் வேலைக்குப் போகிற தம்பிகள் கறுப்புச் சட்டை போட்டிருந்தால் மேலே வேலையிட மின்னும் அங்கியையே மாட்டிக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. மின்சைக்கிளுக்குப் பதிவும் எண் பலகையும் வேண்டும், நடைபாதையில் அதை ஓட்டக்கூடாது.

சாலை பயமாக இருந்தால் சாதாரண சைக்கிளை நடைபாதையில் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்குள். சைக்கிள் பாதையில் 25. ஆனால் 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் ஓட்டினால் குற்றம். தரையில் வரைந்திருப்பதைப் பாருங்கள்.

கோபம் வந்துவிட்டால்

2018 டிசம்பரில் பாசிர் ரிஸ் டிரைவ் 3-இல் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சைக்கிளோட்டி ஒருவர் லாரியின் பக்கக் கண்ணாடியைத் தட்டினார், லாரி அவரை ஓரத்துப் புல்தரையில் தள்ளியது. காணொளியைப் பார்த்த ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நீதிமன்றம் சைக்கிளோட்டிக்கு 2,800 வெள்ளி அபராதம் போட்டது, லாரி ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்பியது. யார் ஆரம்பித்தது என்ற வாதத்தில் இரண்டு பேருமே ஜெயிக்கவில்லை.

எனவே வண்டியைத் தட்டாதீர்கள், முன்னால் போய் மறித்து நிற்காதீர்கள், அடுத்த சிக்னலில் பிடித்துக்கொள்கிறேன் என்று துரத்தாதீர்கள். வண்டி எண், நேரம், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போக்குவரத்துக் காவல்துறைக்கு இணையம்வழி அனுப்புங்கள். கேமரா பதிவு இருந்தால் அன்றைக்கே தனியாகச் சேமித்து வையுங்கள், பல கேமராக்கள் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். பஸ் என்றால் சேவை எண் மட்டும் போதாது. ஒரே எண்ணில் பல வண்டிகள் ஓடும், பதிவு எண் வேண்டும்.

வழிவிட்டவருக்கு ஒரு கை உயர்த்துங்கள். காலை நெரிசலில் அப்படி ஒரு கை தெரிந்தால் அடுத்த சைக்கிளுக்கும் நான் தாராளமாக இடம் விடுவேன், நானும் மனுஷிதானே.

மழை கனத்துப் பெய்தால் எவ்வளவு விளக்கு போட்டிருந்தாலும் கண்ணாடி வழியாக நீங்கள் எனக்கு ஒரு சிவப்புக் கலங்கல்தான். மடிக்கும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை மடித்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறிவிடலாம். மடித்த அளவு 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சக்கரத்துச் சேற்றை ஏறுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள்.