ஸ்டென்ட் வைத்த பிறகும் விடாத படபடப்பு

இதய ரத்தக்குழாய் அடைக்காமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியும் மாடிப்படி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்ப்பேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாகவே இருந்தன. "மனநல நிபுணரைப் பாருங்கள்" என்று இதய மருத்துவர் சொன்னபோது கோபம்தான் வந்தது. எனக்கென்ன பைத்தியமா?

மனைவியின் நச்சரிப்பால் போனேன். மனநல நிபுணரான அந்த அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை; 40 பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். படபடப்பு வரும்போதெல்லாம் நேரம், செய்துகொண்டிருந்த வேலை, மனதில் ஓடிய எண்ணம் மூன்றையும் எழுத வேண்டும். இரண்டாம் வாரம் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே வரி: "இதோ, அடுத்த அட்டாக்." அதன் கீழே, பிறகு உண்மையில் நடந்ததையும் எழுதச் சொன்னார். "ஏப்பம் வந்தது" என்று ஒருநாள் எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.

நெஞ்சில் பாரம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் நோட்டை மூடிவிட்டு 108ஐ அழைக்க வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதவைத்திருந்தார். மாத்திரை ஒன்றைக்கூட நிறுத்தவில்லை.

இதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். ஸ்வீடனின் உப்சாலாவில் 362 இதய நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு இந்தச் சிகிச்சையைக் குழுவாகப் பெற்றவர்களுக்கு மீண்டும் பாதிப்பு வருவது 41 சதவீதம் குறைவாக இருந்தது.

கடைசியாகப் படிகள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முதல் நாள் ஐந்து, மறுவாரம் பத்து. இப்போது மொட்டைமாடியில் துணி காயப்போடுவது என் வேலை. நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் மிச்சம்.