மூன்றே நாளில் உரிந்த ஜெல் பாலிஷ்: என் அனுபவம்

நாலு வருட இடைவெளிக்குப் பிறகு கிருஷ்ணகிரியில் மறுபடி நக அலங்கார வேலைக்கு உட்கார்ந்தேன். போட்ட ஜெல் பாலிஷ் (யூவி, அதாவது புற ஊதா விளக்கில் காட்டி இறுக வைக்கும் நகப்பூச்சு) மூன்றே நாளில் ஏடு மாதிரி உரிந்து வந்தது. பேஸ் கோட்டை (அடியில் பூசும் முதல் பூச்சை) மாற்றினேன். நகத்தைக் கூடுதலாக ராவினேன் (தப்பு, நகம்தான் மெலிந்தது). ஒரு வாரம் வீண்.

அப்புறம் ஒரு அக்கா கையை நீட்டியபோதுதான் கவனித்தேன்: முதலில் உரிவது கட்டைவிரல். விளக்குக்குள் அது மட்டும் சாய்ந்து நிற்கும், வெளிச்சம் சரியாகப் படாது. என்னுடையதோ நாலு 9 வாட் குழல் போட்ட பழைய யூவி விளக்கு. குழல் பழசானாலும் நீலமாக எரியும். யூவி குறைந்தது கண்ணுக்குத் தெரியாது.

நாலு குழலையும் மாற்றினேன். கட்டைவிரல்களைத் தனியாக, நேராக வைத்து 2 நிமிடம் காட்டுகிறேன். அக்காவுக்கு 15 நாளாகியும் உரியவில்லை. அப்பாடா!