"இவரு ஒனக்கு என்ன வேணும்?" - கட்டிக்கொண்ட வழியில் முறை கண்டுபிடிப்பது

கல்யாணமாகிக் கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ வரும் பெண்ணிடம் முதல் வாரத்திலேயே ஒரு பாட்டி, ஒருவரைக் கைகாட்டி, "இவரு ஒனக்கு என்ன வேணும், சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிடுவார். வெறும் சொற்களை மனப்பாடம் செய்து போனால் திணறல்தான். இந்தக் கேள்வி போதும்: எனக்குப் பிறக்கும் பிள்ளை இவரை எப்படிக் கூப்பிடும்?

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு புள்ளி வையுங்கள். அப்பா பக்கம் இடது, அம்மா பக்கம் வலது. கணவரின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அவர்கள் மனைவிமார் பெரியம்மா, சித்தி. அந்தப் பெண்கள் உங்களுக்கு ஓரகத்தி. மூத்தவரை அக்கா என்று கூப்பிடுங்கள். கணவரின் அக்கா, தங்கை பிள்ளைக்கு அத்தை, உங்களுக்கு நாத்தனார்.

மாப்பிள்ளைகள் தடுமாறுவது சகலையிடம். மனைவியின் அண்ணன் தம்பியை மச்சான் என்கிற வாய், மனைவியின் அக்கா தங்கை வீட்டுக்காரரையும் மச்சான் என்றுவிடும். அது தப்பு. மச்சினன் உங்கள் பிள்ளைக்கு மாமா. சகலை பெரியப்பாவோ சித்தப்பாவோ. ஆகவே சகலை உங்களுக்கு அண்ணன் தம்பி வரிசை, அவர் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளுக்கு உடன்பிறந்தார் முறை. மச்சினன் பிள்ளைகளோ கட்டிக்கொள்ளும் முறை. முறை இருப்பதால் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் சிறுசுகள் காதில் விழும் சொல் சரியாக இருக்க வேண்டும்.

மாமியார், மாமனார், கொழுந்தனார் எல்லாம் பிறரிடம் சொல்லும் சொற்கள். நேரில் அத்தை, மாமா. கொழுந்தனாரைத் தம்பி என்றோ பேர் சொல்லியோ. அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிவந்த வழக்கம்தான் சொந்தமில்லாத அசலில் பெண் எடுத்த வீட்டிலும் மாமியாரை அத்தை ஆக்கியது. சம்பந்தி மட்டும் நேரில் கூப்பிடவும் பிறரிடம் சொல்லவும் பொது.

மலையில் கீழ்ப்பக்கச் சொற்கள் கலந்து கிடக்கும். அண்ணன் மனைவியைப் பெரியகுளத்தார் மதினி என்பார்கள், ஒட்டன்சத்திரம் பக்கம் நங்கையா என்பதும் உண்டு. புகுந்த வீட்டில் புழங்குவதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சொந்தத்தில் கட்டியிருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை வரும். அக்கா மகளைக் கட்டியவருக்கு அக்காவே மாமியார். அவர் கூப்பிடுவது கடைசிவரை அக்காதான். பிள்ளைக்கு அந்த அக்கா அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் பாட்டி. அம்மாவைப் பெற்றவர் என்பதால் பாட்டி என்றே பழக்குங்கள்.