ஜப்பானுக்குப் புதிதாக வருகிறீர்களா? முதலில் 'வேண்டாம்' சொல்லப் பழகுங்கள்

விமான நிலையத்தில் தரும் குடியிருப்பு அட்டையோடு, வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகம் போய் முகவரியைப் பதிந்துவிடுங்கள். கவுன்டரில் ஆளைக் கூப்பிட "சுமிமஸென்" போதும். கூப்பிடுவதற்கும் மன்னிப்புக்கும் சின்ன உதவிக்கு நன்றி சொல்வதற்கும் அதே சொல்தான்.

காலை 10, 11 மணிவரை "ஒஹாயோ கொஸாய்மஸ்", பகலில் "கொன்னிச்சிவா", இருட்டியதும் "கொம்பன்வா". கொஸாய்மஸ்ஸில் வரும் 'க'வைத் தங்கத்தில் வரும் 'க' போல ஒலியுங்கள். குறில் நெடில் நமக்குப் பிறவிச் சொத்து: ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. பல்லையும் பாலையும் பிரித்த நாக்கு இதில் தடுமாறாது.

அலுவலகத்தில் சக ஊழியரிடம் "கொன்னிச்சிவா" ஒட்டாது. "ஒத்ஸுகரெஸமா தெஸ்" ('உழைப்புக்கு நன்றி' என்பது போல) என்பார்கள். மேலதிகாரியிடம் அதே பொருளுள்ள "கொகுரோஸமா" வேண்டாம், அது பெரியவர் சின்னவருக்குச் சொல்வது. முன்னதாகக் கிளம்பினால் "ஒஸகி நி ஷித்ஸுரே ஷிமஸ்" ('உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும்'). பிறர் பெயரோடு மரியாதைக்கு 'ஸன்' சேருங்கள், உங்கள் பெயரோடு கூடவே கூடாது. வீட்டிலிருந்து புறப்படும்போது "இத்தே கிமஸ்". அப்படியே நம் 'போயிட்டு வரேன்'தான். 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும்.

இனி, நம்மவர்கள் பணத்தை இழக்கும் இடம். பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எரிச்சலூட்டுகிறது.

"ஹய்" என்றால் 'ஆம்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே வரும் ஹய் பெரும்பாலும் வெறும் உம் கொட்டல். பாட்டி கதைக்கு நாம் கொட்டினோமே, அது. உங்கள் மேலாளர் பத்து ஹய் சொன்னாலும் ஒப்புக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். ஆனால் தொலைபேசியில் இணைய இணைப்பு விற்பவரிடம் மரியாதைக்காக நீங்கள் ஹய், ஹய் என்றால், அதைச் சம்மதமாக எழுதிக்கொள்ள ஆள் உண்டு.

மறுப்பதற்கென்று கற்றுத்தரும் "கெக்கோ தெஸ்", "தைஜோபு தெஸ்" இரண்டுமே இரட்டை நாக்குச் சொற்கள். 'வேண்டாம்' என்றும் எடுக்கலாம், 'நன்று, ஆகட்டும்' என்றும் எடுக்கலாம். கடையில் "ஃபுகுரோ தைஜோபு தெஸ் க?" என்று கேட்பதற்கு ஹய் சொன்னால் பை கிடைக்காது; 'பை இல்லாமல் சமாளிப்பீர்களா' என்பதுதான் கேள்வி. 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு என்பதால் தினமும் கேட்பார்கள். வேண்டுமானால் "ஒனெகாய்ஷிமஸ்", வேண்டாமானால் "இரிமஸென்".

வாசலிலோ தொலைபேசியிலோ விற்க வருபவரிடம் "இரிமஸென்", விடாவிட்டால் "ஒகொத்தொவாரி ஷிமஸ்" (மறுக்கிறேன்). இது முரட்டுத்தனம் இல்லை. தெளிவாக மறுத்தவரை மறுபடி வற்புறுத்துவதைச் சட்டமே தடுக்கிறது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டாதீர்கள். நம் தலையாட்டலை அவர்களால் படிக்க முடியாது.

மாட்டிக்கொண்டால், ஒப்பந்தக் காகிதம் கைக்கு வந்த நாளையும் சேர்த்து 8 நாட்களுக்குள், இத்தகைய விற்பனைகளில் பெரும்பாலானவற்றைக் காரணம் சொல்லாமலே எழுத்தில் ரத்து செய்யலாம். அஞ்சலட்டை போதும், இரு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள். 188-ஐ அழைத்தால் உங்கள் பகுதி நுகர்வோர் மையம் வழிகாட்டும். நீங்களாகக் கடைக்குப் போய் வாங்கியதற்கும் இணையத்தில் தேடி வாங்கியதற்கும் பொதுவாக இந்த 8 நாள் உரிமை கிடையாது.